பழைய பொயின்ட் 22 இலக்கு ரைபிள் வாங்குவோருக்கு: பத்திரம் முதல் பத்தாம் வளையம் வரை

துப்பாக்கி சுடும் விளையாட்டிலிருந்து விலகவிருந்த மூத்த வீரர் ஒருவரிடமிருந்து நான் வாங்கிய ஜேர்மன் தயாரிப்பான அன்ஷுட்ஸ் பொயின்ட் 22 (0.22 அங்குலக் குழலுள்ள) ரைபிள், முதல் மாதத்தில் 50 மீற்றர் தூரத்தில் பத்து ரவைகளை 38 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சிதறவிட்டது. அதே ரைபிளால் அவர் பல ஆண்டுகள் பதக்கம் வென்றதை நான் கண்ணாரக் கண்டவன் என்பதால், குழல் தேய்ந்துவிட்டது என்ற முடிவுக்கு இரண்டே வாரத்தில் வந்துவிட்டேன். புதிய குழலுக்கு வெளிநாட்டில் விலை கேட்டேன், மரப்பகுதியை மாற்றலாமா என்று யோசித்தேன், கையில் இருந்த ரவைகளை ஒழுங்கில்லாமல் சுட்டுத் தீர்த்தேன். உண்மையில் குழலில் ஒரு குறையும் இருக்கவில்லை. இன்று அதே குழல், அதே மரம், 16 மில்லிமீற்றர் அளவில் நிற்கிறது. இடையில் வீணான ஐந்து மாதமும் பணமும் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே, சரியான வரிசையைக் கீழே எழுதுகிறேன். வரிசைதான் இங்கே முக்கியம். பின்னால் வரவேண்டிய வேலையை முன்னால் செய்தால், எது பலன் தந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

1. காசுக்கு முன் பத்திரம்

இலங்கையில் எந்தத் துப்பாக்கியும், விளையாட்டுக்கான சிறு ரைபிளும் உட்பட, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே கழகத்தில் இருபது வருடம் பழகியவர்களாக இருந்தாலும், உரிமை மாற்றத்துக்கு எழுத்து மூலமான அனுமதி கிடைக்கும் வரை ரைபிள் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. “கொண்டுபோய்ப் பாருங்கள், பத்திரத்தைப் பிறகு பார்க்கலாம்” என்று யாராவது அன்போடு சொன்னால், அதே அன்போடு மறுத்துவிடுங்கள். அந்த இடைக்காலத்தில் வீதிச் சோதனையில் அகப்பட்டால், அது உரிமமற்ற ஆயுதம் வைத்திருந்த குற்றமாகவே பார்க்கப்படும்.

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது நடப்பு ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதி. நிழற்பிரதி போதாது. அதிலுள்ள தொடரிலக்கத்தை அக்ஷனில் (குழல் பொருந்தியிருக்கும் பின்புற இரும்புக் கூட்டில்) பொறித்த இலக்கத்தோடும், குழலில் இலக்கம் இருந்தால் அதனோடும், ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். என் விடயத்தில் பத்திரத்தில் 3 என்றும் இரும்பில் 8 என்றும் ஓர் இலக்கம் வேறுபட்டிருந்தது. பழைய கையெழுத்தைப் பார்த்துப் பிரதி எடுத்தபோது நேர்ந்த பிழை அது. திருத்துவதற்கு மட்டும் ஆறு வாரம் பிடித்தது. முற்பணம் கொடுத்த பிறகு அதைக் கண்டுபிடித்ததால், ஆறு வாரமும் பணம் ஒரு பக்கம், ரைபிள் ஒரு பக்கமாகக் கிடந்தன.

பத்திரத்தோடு சேர்த்து, உங்கள் கழக உறுப்புரிமைக் கடிதம், தேசிய அடையாள அட்டை, முகவரியை உறுதிப்படுத்தும் ஆவணம், விற்பவர் கையொப்பமிட்ட விற்பனைக் கடிதம் ஆகியவற்றை மூன்று மூன்று பிரதிகளாக ஒரே கோவையில் வைத்திருங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிரதி கேட்பார்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கழகச் செயலாளர் மூலம் விசாரிப்பது, நீங்களே நேரில் போய் நிற்பதைவிடப் பலன் தரும். விளையாட்டுத் துப்பாக்கிகளின் நடைமுறை செயலாளர்களுக்குப் பழக்கமானது. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும், அதற்கான காலம் வழமையாக ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கி டிசம்பர் 31 உடன் முடியும். ஆகவே ஒக்டோபருக்குப் பின் வாங்குபவர்கள், அந்த ஆண்டுப் புதுப்பித்தலை யார் செய்வது, கட்டணத்தை யார் செலுத்துவது என்பதை விற்பனைக் கடிதத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

2. கழகத்திலேயே முதற் பரிசோதனை

வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் கேளுங்கள். போல்ட்டை (குழலின் பின்புறத்தை மூடும் இரும்புத் தண்டை) கழற்றி, குழலின் பின்முனையில் ரவை அமரும் அறையில் ரவை இல்லை என்பதைக் கண்ணாலும் சிறு விரலாலும் உறுதிசெய்த பின்னரே மற்ற எதையும் தொடுங்கள்.

ஜேர்மனியில் செய்த ரைபிள்களில் சோதனை முத்திரை ஒன்று இருக்கும். ஊல்ம் நகரச் சோதனை நிலையத்தின் அடையாளம் மான்கொம்பு. அதன் அருகே உள்ள இரண்டு எழுத்துகள் சோதனை செய்த ஆண்டைச் சொல்லும்: ஏ என்றால் 0, பி என்றால் 1 என்று வரிசையாக எண்ணிச் செல்ல வேண்டும். எச், சி என்று இருந்தால் 1972. விற்பவர் சொல்லும் வயதும் இரும்பு சொல்லும் வயதும் பத்தாண்டு வேறுபடுவது அபூர்வமல்ல, விலை பேசும்போது இது உதவும்.

அடுத்து குழலின் வாய். முன்னாலிருந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் பழக்கம் உள்ளவர்களிடம் இருந்த ரைபிள்களில் முதலில் கெடுவது இந்த இடம்தான். சன்னம், அதாவது ரவையிலிருந்து பறந்து செல்லும் ஈயத் துண்டு, குழலை விட்டு நீங்கும் கடைசிக் கணத்தில் அதைச் சுற்றிலும் சமமாகப் பிடித்திருக்க வேண்டிய விளிம்பு அது. ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் பின்னாலிருந்து பாயும் வாயு அந்தப் பக்கமாக முதலில் கசிந்து சன்னத்தைச் சாய்த்துவிடும். காது துடைக்கும் பஞ்சுக்குச்சி ஒன்றை உள்ளே விட்டு, விளிம்பைத் தொட்டபடி மெதுவாக வெளியே இழுங்கள். பஞ்சு இழை எங்காவது சிக்கினால் அங்கே பிசிறு உண்டு. சில ரவைகள் சுட்ட பிறகு வாயின் முகப்பில் படியும் மெழுகும் கரியும் எல்லாப் பக்கமும் ஒரே நீளத்தில் நட்சத்திரம் போல விரிந்திருந்தால் மனம் ஆறலாம்.

பிறகு ரவை அறையின் விளிம்பு. ரிம்ஃபயர் ரவையின் வெடிமருந்து அதன் அடி விளிம்புக்குள் இருப்பதால், அடிக்கும் ஊசி அந்த விளிம்பைத்தான் நசுக்குகிறது. ரவை இல்லாமல் திரும்பத் திரும்ப விசைவில்லை இழுத்துப் பழகியவர்களின் ரைபிள்கள் சிலவற்றில், ஊசி அறையின் விளிம்பையே அடித்துச் சிறு மேடு ஒன்றை உண்டாக்கியிருக்கும். ரவை போகும்போது ஓரிடத்தில் தடக்கினால் அதைச் சந்தேகியுங்கள். அது திருத்தக்கூடியதுதான், ஆனால் அனுமதிபெற்ற துப்பாக்கித் திருத்துநரே செய்ய வேண்டும். பஞ்சிகாவத்தையில் எவ்வளவு கைதேர்ந்த கடைசல்காரர் இருந்தாலும், உரிமம் இல்லாத பட்டறையில் துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் ஒப்படைக்கக்கூடாது.

பாதுகாப்புச் சோதனை ஒன்றையும் விடாதீர்கள். வெறுமையான ரைபிளின் போல்ட்டைப் பலமாக மூடுங்கள். பிடங்கை (தோளில் வைக்கும் பின்பகுதியை) தடித்த இறப்பர் விரிப்பில் சில தடவை தட்டுங்கள். விசைவில் தானாக விடுபட்டால், அது சரிசெய்யப்படும் வரை அந்த ரைபிளில் ரவை ஏற்றக்கூடாது. வீடு திரும்பும்போதும் சரி, மைதானத்துக்குப் போகும்போதும் சரி, போல்ட்டைக் கழற்றித் தனியாகவும், ரைபிளைப் பூட்டிய பெட்டியிலும், பத்திரத்தின் மூலப்பிரதியை உங்கள் கையிலும் வைத்திருங்கள்.

3. சுத்தம் செய்யுங்கள், ஆனால் ஆவேசம் வேண்டாம்

பொயின்ட் 22 குழல்கள் சுட்டுத் தேய்வதைவிடத் துடைத்துத் தேய்ந்தவையே அதிகம். ஒற்றைத் துண்டாக உள்ள, பிளாஸ்டிக் பூசிய கம்பியை மட்டுமே பாவியுங்கள். இரண்டு மூன்று துண்டுகளைத் திருகி இணைக்கும் மலிவான கம்பியின் மூட்டுகள் குழலின் உட்புறத்தை உரசும். கம்பி எப்போதும் பின்னாலிருந்து, வழிகாட்டிக் குழாய் ஒன்றினூடாகவே போக வேண்டும். கரைப்பான் தோய்த்த துணித்துண்டு இரண்டை அனுப்பி, பத்து நிமிடம் விட்டு, உலர்ந்த துண்டுகளை வெள்ளையாக வரும் வரை அனுப்புங்கள்.

என் ரைபிளில் இருந்த முதல் நோய் இங்கேதான் வெளிப்பட்டது. ரவையின் கோது (வெளி உறை) முடிந்து, சன்னத்தைச் சுழலவைக்கும் சுரிவரிகள் குழலுக்குள் தொடங்கும் இடத்தில், கரியும் கண்ணாடித்தூளும் சேர்ந்து கல்லைப் போல இறுகிய வளையம் ஒன்று உருவாகும். விளிம்பில் உள்ள வெடிமருந்துக் கலவையில் உராய்வுக்காகப் பொடித்த கண்ணாடி சேர்க்கப்படுவதால், சாதாரணத் துணித்துண்டுக்கு இது அசையாது. ஒவ்வொரு சன்னமும் அந்த வளையத்தினூடாக நசுங்கியே குழலுக்குள் நுழைகிறது. வெண்கலத் தூரிகையைக் கரைப்பானில் தோய்த்து, அறையின் அந்த முன்பகுதியில் மட்டும் சில சுற்றுகள் சுழற்றி, மறுபடி ஊறவிட்டு, இரண்டு நாட்களில் நான்கு தடவை செய்தபோது அது விட்டது. 38 மில்லிமீற்றர் 29 ஆகக் குறைந்தது இந்த ஒரு வேலையால் மட்டுமே.

கவனிக்க வேண்டிய பொறி: சுத்தம் செய்த உடனே சுடும் முதல் ரவைகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சன்னத்தின் மேலுள்ள மெழுகு குழல் முழுவதும் சமமாகப் படிவதற்குப் பத்து முதல் இருபது ரவைகள் தேவை. அதுவரை துளைகள் அலைந்துகொண்டே இருக்கும்.

4. எதையும் மாற்றுவதற்கு முன் அளவெடுங்கள்

விற்ற ஐயாவிடம் என் ஏமாற்றத்தைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, எத்தனை குறூப் அளந்தீர்?” ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் கூட்டம்தான் குறூப். நான் அளந்ததோ இரண்டு, அவையும் ஐந்து ரவைக் குறூப்புகள். அவர் தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

ஐந்து ரவைகளால் ஆன குறூப் பெரும்பாலும் தற்செயலின் கணக்கு. ஒரே ரைபிள், ஒரே ரவை, ஒரே காலை வேளையில் ஐந்து ரவைக் குறூப்புகளில் சிறியது பெரியதின் பாதியளவாக இருப்பது இயல்பே. அதில் சிறியதைப் பார்த்து மகிழ்வதும் பெரியதைப் பார்த்து ஸ்பானரை எடுப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். பத்து ரவைகளாகச் சுடுங்கள், நான்கு குறூப்புகள் சுடுங்கள், நான்கின் சராசரியை எழுதுங்கள். பத்து ரவைக் குறூப் சராசரியில் ஐந்து ரவைக் குறூப்பைவிடக் கால்பங்கு பெரிதாக இருக்கும் என்பதால், பிறர் சொல்லும் எண்ணோடு ஒப்பிடும்போது எத்தனை ரவை என்று முதலில் கேளுங்கள்.

அளப்பது எளிது. மிகத் தொலைவில் உள்ள இரண்டு துளைகளின் வெளி ஓரங்களுக்கு இடையே வேர்னியர் கலிப்பரால் அளந்து, அதே தாளில் தனியாக உள்ள ஒரு துளையின் விட்டத்தைக் கழித்தால், மையத்திலிருந்து மையத்துக்கான தூரம் கிடைக்கும். கலிப்பர் பழைய சோனகத் தெருவின் எந்தக் கருவிக் கடையிலும் கிடைக்கிறது. இந்த வேலைக்குச் சாதாரணமானதே போதும்.

எந்த அளவு நல்லது என்பதற்கு இலக்குத்தாளே அளவுகோல். 50 மீற்றர் சர்வதேசத் தாளின் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர். 5.6 மில்லிமீற்றர் துளையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்துப் புள்ளி என்பதால், துளையின் மையம் தாளின் மையத்திலிருந்து 8 மில்லிமீற்றர் வரை விலகலாம். அதாவது, 16 மில்லிமீற்றர் குறூப் சுடும் ரைபிள், நடுவில் சரியாக அமர்ந்திருந்தால், பத்தையும் பத்தாகவே தரும். தரமான ரவையோடு 20 வரை வந்தால் கழகப் போட்டிகளுக்குப் போதும். 25க்கு மேல் போனால் எங்கோ குறை இருக்கிறது, தேடத்தான் வேண்டும்.

சுடும்போது உங்கள் கை கணக்கில் வரக்கூடாது. மேசையில் மணல் மூட்டை வைத்து, ரைபிளின் மரப்பகுதி மட்டும் மூட்டையில் படும்படி, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வையுங்கள்; குழல் எதிலும் படக்கூடாது. பழைய டெனிம் காற்சட்டையின் காலை வெட்டித் தைத்து மணல் நிரப்பினால் நல்ல மூட்டை ஆகிவிடும். கண்ணின் குறையையும் பிரித்தறிய, முடிந்தால் கழகத்தில் ஒரு தொலைநோக்கியை இரவல் வாங்கி, அளவெடுக்கும் நாட்களுக்கு மட்டும் பொருத்துங்கள்.

நேரம் மிக முக்கியம். மணிக்குக் கிலோமீற்றர் கணக்கில் நமக்குப் பொருட்டே இல்லாத, வினாடிக்கு 1 மீற்றர் குறுக்குக் காற்றுக்கூட, 50 மீற்றரில் சன்னத்தை ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் தள்ளுகிறது. கொழும்பில் கடற்காற்று எழுவதற்கு முன், காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். 10 மீற்றரிலும் 30 மீற்றரிலும் மெல்லிய நாடாத் துண்டு கட்டி, இரண்டும் தொங்கும் நேரத்தில் மட்டும் சுடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல்களை அளவெடுக்கவே நம்பாதீர்கள். இடிமழைக்கு முன் காற்று நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறும்.

ஒரு கொப்பியில் திகதி, நேரம், ரவையின் பெயர், அதன் தொகுதி இலக்கம், நான்கு அளவுகள், குறூப்பின் வடிவம் ஆகியவற்றை எழுதுங்கள். வடிவம் பின்னால் நோயைச் சொல்லும்.

5. திருகாணியும் மரமும்

பலர் இங்கே ரவைச் சோதனைக்குப் போவார்கள். நான் மரத்தை முன்னால் வைக்கிறேன், ஏனெனில் நம் ஊரின் ஈரம் மரத்தில்தான் முதலில் வேலை செய்கிறது. ஐரோப்பாவின் உலர்ந்த அறையில் பொருந்திய மரம், கொழும்பின் காற்றில் ஊதும். தென்மேற்குப் பருவமழையில் ஒரு விதம், பெப்ரவரி வறட்சியில் இன்னொரு விதம். அக்ஷன் அமரும் இடம் அரை மில்லிமீற்றரில் ஒரு சிறு பங்கு மாறினாலும், திருகாணியை முறுக்கும்போது இரும்பு வளைந்து நிற்கிறது.

சோதனை இதுதான். அக்ஷனை மரத்தோடு பிணைக்கும் இரண்டு திருகாணிகளும் இறுகியிருக்கும்போது, குழலும் மரமும் சந்திக்கும் இடைவெளியில் விரல் நுனியை இரண்டிலும் படும்படி வையுங்கள். முன் திருகாணியை மெதுவாகத் தளர்த்துங்கள். குழல் மேலெழுவது விரலுக்கே தெரிந்தால் அமர்வு சரியில்லை. டயல் கேஜ் கிடைத்தால் அசைவை எண்ணாகவே பார்க்கலாம், 0.05 மில்லிமீற்றருக்குள் இருந்தால் கவலையில்லை. பிறகு ஒரு தாள் துண்டைக் குழலின் கீழ் நுழைத்து அக்ஷன் வரை இழுத்துப் பாருங்கள். தாள் சிக்கும் இடத்தில் ஊதிய மரம் குழலைத் தொடுகிறது.

என் ரைபிளில் இரண்டு குறையும் இருந்தன. தொட்ட இடத்தை மெல்லிய உப்புத்தாளால் இரண்டு பிற்பகல் தேய்த்து, தேய்த்த இடத்துக்கு ஈரம் புகாதபடி எண்ணெய்ப் பூச்சுப் பூசினேன். பூசாமல் விட்டால் அடுத்த மழையில் அது மறுபடி ஊதும் என்பதை நினைவில் வையுங்கள். அக்ஷன் அமரும் இடத்தைப் பிசின் ஊற்றிச் சமப்படுத்துவதைத் திருத்துநரிடம் விட்டேன். அவர் ஒரு வாரம் எடுத்தார்.

முறுக்கும் அளவுக்கு டோர்க் ரென்ச் அவசியம். சைக்கிள்காரர்கள் பாவிக்கும் சிறிய வகை போதும். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவே முதன்மையானது. கையேடு இல்லையென்றால், வெறும் மரத்தில் அமரும் பழைய ரைபிளுக்கு 3 நியூட்டன் மீற்றரிலும், உலோகத் தாங்கி உள்ளதற்கு 5 நியூட்டன் மீற்றரிலும் தொடங்கி, இரண்டு திருகாணிகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிறகு அரை அலகு கூட்டியும் குறைத்தும் நான்கு நான்கு குறூப்புகள் சுட்டுப் பாருங்கள். இந்த வேலை முடிந்தபோது என் கொப்பியில் இருந்த எண் 21.

6. ரவையைத் தேர்வது

ரிம்ஃபயர் குழல் ஒவ்வொன்றுக்கும் தனி விருப்பம் உண்டு. ஒரே தயாரிப்பாளரின் ஒரே பெயருள்ள ரவையிலும், தொகுதி இலக்கம் மாறினால் முடிவு மாறும். ஆகவே விலை உயர்ந்ததை வாங்கிவிட்டேன் என்பதில் நிம்மதி கொள்ள முடியாது.

நான் செய்த முறை: நான்கு வகை, ஒவ்வொன்றிலும் 50 ரவைப் பெட்டி ஒன்று. முதல் 10 ரவைகள் முந்தைய வகையின் மெழுகை நீக்கித் தன் மெழுகைப் படியவிடுவதற்கு. மீதி 40 நான்கு குறூப்புகளுக்கு. ஒரு பெட்டி ஒரு சோதனைக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரே காலையில் இரண்டு வகைக்கு மேல் வேண்டாம். மொத்தம் 200 ரவைகள், இரண்டு சனிக்கிழமைகள். இந்தச் சோதனைக்கும் முன்னர் வீணாகச் சுட்டதற்கும் சேர்த்து, ரைபிளுக்குக் கொடுத்த விலையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் எனக்கு ரவைக்கே போனது. வாங்கும்போதே இந்தத் தொகையை ஒதுக்கி வையுங்கள். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே எந்த நேரமும் ரவை வைத்திருக்க வேண்டும் என்பதால், கழகத்தில் ஒரே வகை ரைபிள் வைத்திருக்கும் இருவர் மூவர் சேர்ந்து பெட்டிகளைப் பங்கிட்டுச் சோதிக்க முடியுமா என்று செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

எலி டெனெக்ஸ், ஆர்டபிள்யூஎஸ் ஆர்50, லப்புவா மிடாஸ் போன்றவை போட்டிக்கான உச்ச வகைகள். எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் பயிற்சிக்குரியது. லப்புவாவின் ரிம்ஃபயர் ரவைகள் தயாராகும் ஜேர்மனியின் ஷோனபெக் நகரிலேயே இதுவும் தயாராகிறது. என் ரைபிளில் நான்கில் இரண்டாவது மலிவான வகைதான் முதலிடம் பெற்றது. வேகம் கூடிய வேட்டை ரவைகளைத் தவிருங்கள். போட்டி ரவை வினாடிக்கு 320 முதல் 330 மீற்றர் வேகத்தில் கிளம்புகிறது. 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் சுமார் 349 மீற்றர் என்பதால், அது முழுப் பாதையிலும் ஒலிக்குக் கீழேயே அமைதியாகப் பறக்கும். 380 மீற்றரில் கிளம்பும் ரவையோ இலக்கை நெருங்கும் நேரத்தில் ஒலியின் வேகத்தைக் கடந்து கீழிறங்கி, அந்தக் குழப்பத்தில் ஆட்டம் காணும்.

ரவைப் பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். சூடேறிய மருந்து வேகத்தைக் கூட்டும், பெட்டியின் மேல் வரிசையும் கீழ் வரிசையும் வெவ்வேறு உயரத்தில் போய் விழும்.

7. மேலும் கீழுமாக நீளும் குறூப்பு

பக்கவாட்டு விரிவு பெரும்பாலும் காற்று. மேலும் கீழுமாக நீண்டால் வேகம் சீராக இல்லை என்று பொருள். சன்னம் 50 மீற்றர் போவதற்குள் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் விழுகிறது. வேகத்தில் 3 வீத வேறுபாடு 7 மில்லிமீற்றருக்கு மேல் உயர வேறுபாட்டைத் தரும். நல்ல ரவையிலும் இப்படி நீண்டால், குற்றவாளி பெரும்பாலும் அடிக்கும் ஊசியின் ஸ்பிரிங்.

சுட்ட கோதுகள் பத்தை வரிசையாக நிறுத்தி, விளிம்பில் ஊசி பதிந்த தடத்தைப் பாருங்கள். எல்லாம் ஒரே ஆழம், ஒரே வடிவமாக இருக்க வேண்டும். என்னுடையதில் மூன்று கோதுகளில் தடம் மேலோட்டமாக இருந்தது. பல ஆண்டு போல்ட் இழுத்த நிலையிலேயே பெட்டியில் கிடந்த ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. போல்ட்டுக்குள் கெட்டியாகிப்போன பழைய எண்ணெயும் ஊசியை மந்தமாக்கும். அதை முழுவதும் துடைத்து, உள்ளே ஒரு துளி மெல்லிய எண்ணெய்க்கு மேல் விடாதீர்கள். புதிய ஸ்பிரிங் இந்தக் கதை முழுவதிலும் நான் வாங்கிய மிக மலிவான பொருள், வந்துசேரத்தான் ஏழு வாரம் ஆனது. அதைப் போட்ட மறுவாரம் 16 வந்தது. முதல் மாதத்திலேயே கோதுகளைப் பார்த்திருந்தால் அந்த ஏழு வாரமும் மற்ற வேலைகளோடு சேர்ந்தே கழிந்திருக்கும். அதனால், ஸ்பிரிங்கை மாற்றுவது பின்னால் வந்தாலும், கோதுகளை முதல் நாளே பார்த்து, தேவையென்றால் அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்.

8. குறிகாட்டிகள்

தொலைநோக்கியோடு நல்ல குறூப், குறிகாட்டியோடு (ரைபிளின் மேல் குறிபார்க்க உள்ள பாகத்தோடு) கெட்ட குறூப் என்றால், முதலில் எல்லாத் திருகாணிகளையும் பாருங்கள். பிறகு பின் குறிகாட்டியை வலப்பக்கம் 20 சொடுக்கு, மேலே 20, இடப்பக்கம் 20, கீழே 20 என்று நகர்த்தி, ஒவ்வொரு மூலையிலும் ஐந்து ரவைகள் சுடுங்கள். கடைசி ஐந்தும் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் உள்ளே மரை தேய்ந்திருக்கிறது. புதிதாக வாங்குவது கட்டாயமில்லை, எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தும் பழக்கத்தால் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். முன் குறிகாட்டியின் வளையத்தை 3.6 மில்லிமீற்றர் அளவில் தொடங்கி, இலக்குத்தாளின் 112.4 மில்லிமீற்றர் கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தெளிவாகத் தெரியும் வரை பெரிதாக்குங்கள். மிகச் சிறிய வளையம் துல்லியமாகத் தோன்றும், ஆனால் நம் வெயிலில் கண் விரைவில் களைத்துவிடும்.

9. குழலைக் குறை சொல்வது கடைசியில்

மேலே உள்ள எல்லாம் முடிந்தும் 25க்கு மேல் நின்றால்தான் குழலைப் பாருங்கள். இறுக்கமான துணித்துண்டு ஒன்றைப் பின்னாலிருந்து ஒரே வேகத்தில் தள்ளுங்கள். திடீரெனக் கை இலகுவாகும் இடத்தில் குழல் அகன்றிருக்கிறது. அது வாய்க்கு அருகே இருந்தால், திருத்துநர் சிறிது வெட்டி வாயை மீள அமைக்கலாம். நடுவில் இருந்தால் புதிய குழல்தான். குழலை இறக்குமதி செய்வதற்குத் தனி அனுமதி வேண்டியிருக்கும் என்பதையும், தொடரிலக்கம் மாறினால் பத்திரமும் மாற வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பணத்தைவிட அந்தக் காத்திருப்பே பெரிது. அந்த நிலையில் இன்னொரு பழைய ரைபிளைத் தேடுவது பெரும்பாலும் மலிவு.

10. கொழும்பின் ஈரத்திலிருந்து காப்பது

கடற்கரையிலிருந்து வெள்ளவத்தை வீடுகள் எவ்வளவு தூரம்? உப்புக் காற்று ஓர் இரவில் இரும்பில் செம்புள்ளி வைத்துவிடும். ரைபிளைக் கொண்டுசெல்லும் நுரைப்பஞ்சுப் பெட்டியிலேயே வைத்துவிடாதீர்கள். பஞ்சு ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் குழலில் நீர் வியர்க்கும், அதைத் துடைத்த பிறகு பெட்டிக்குள் வையுங்கள். சுட்ட ஒவ்வொரு நாளும் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, போல்ட்டை ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் விட்டு, பூட்டிய இரும்பு அலுமாரியில் நிமிர்த்தி நிறுத்துங்கள். ஈயத் தூசு படிந்த கையைச் சாப்பிடுவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அலுமாரிக்குள் நீல நிறச் சிலிக்கா ஜெல் ஒரு துணிப்பையில் போதும். அது இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிரம்பிவிட்டது. அடுப்புப் பெட்டியில் 120 பாகையில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். மழைக்காலத்தில் எனக்கு இது பத்து நாளுக்கு ஒரு தடவை வேண்டியிருக்கிறது, பெப்ரவரியில் மாதம் ஒரு தடவை.